தென்னை மரமும் 69 டிகிரியும்

“தம்பி, அந்தத் தென்னை நிக்கிற வரைக்கும் இந்த வீட்டுல படம் வராது. சாயந்திரத்துக்குள்ள ஆளைக் கூப்பிட்டு எறக்கிடுங்க. நாளைக்கு வந்து அஞ்சே நிமிஷத்துல ட்யூன் பண்ணித் தந்துடறேன்.”

மாடியிலிருந்து இறங்கி வந்த டிஷ் மெக்கானிக் அண்ணன் ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டே இப்படிச் சொன்னதும், திண்ணையில் உட்கார்ந்திருந்த எங்கள் அப்பாயி வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

நண்பர்களே! ‘இது ஒரு டி.வி. கதை, இதைப் போய் ஆண்டு மலரில் எழுத வேண்டுமா?’ என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். இதில் டி.வி. மட்டும் இல்லை. ஒரு தென்னை மரம் இருக்கிறது. நாமெல்லாம் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி உருப்போட்டு மறுநாள் மறந்துவிட்ட இரண்டு கோணங்களும் இருக்கின்றன.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்குத் தெற்கே இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் தாத்தா வைத்த தென்னந்தோப்பு ஒன்று இருந்தது. ‘இருந்தது’ என்று ஏன் சொல்கிறேன் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடிவதற்கு முன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று ஒரு தோப்பையும் அது விடவில்லை. நான் அப்போது ஏழாம் வகுப்பு. விடிந்து கதவைத் திறந்தால் ஆகாயம் புதுசாகத் தெரிந்தது. அதுவரை எங்கள் கொல்லையில் அவ்வளவு ஆகாயம் இருந்ததே இல்லை. எல்லா மரமும் படுத்துக் கிடந்தன. வீட்டை ஒட்டி, சுவர் மறைவில் நின்ற ஒன்றே ஒன்று மட்டும் தலைவிரி கோலமாக நின்றது. தாத்தா அதன் அடியில் போய் உட்கார்ந்தவர் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் அவர் அதிக நாள் இருக்கவில்லை.

மெக்கானிக் அண்ணன் ‘எறக்கிடுங்க’ என்று சொன்னது அந்த மரத்தைத்தான்.

சரி, டிஷ் எதற்கு என்று கேட்பீர்கள். வீட்டில் ஏற்கெனவே மாதாமாதம் பணம் கட்டுகிற இணைப்பு ஒன்று இருந்தது. அப்பா ஊரில் இருந்தால் ரீசார்ஜ் ஆகும், இல்லாவிட்டால் ஆகாது. ‘பணம் கட்டவும்’ என்று எழுத்து வந்து நிற்கும் திரையை அப்பாயி பல ராத்திரிகள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வேண்டியதும் அதிகம் இல்லை. சாயங்காலம் செய்தி, மேட்டூரில் தண்ணீர் எத்தனை அடி, மழை வருமா வராதா, வெள்ளிக்கிழமை ஒரு நாலு பாட்டு. அவரைப் பொறுத்தவரை டி.வி. என்றால் ‘வயலும் வாழ்வும்’ காட்டிய தூர்தர்ஷன். பொதிகை என்ற பெயர் 2024 ஜனவரியில் டி.டி. தமிழ் என்று மாறியதுகூட அவருக்கு ஒரு பொருட்டில்லை.

அப்போதுதான் நான் வாயைக் கொடுத்தேன். “அப்பாயி, மாசா மாசம் காசே கட்ட வேண்டாம். ஒரு தடவை டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கினா போதும். கவர்மென்ட்டே ஃப்ரீயா குடுக்குது” என்று.

உண்மைதான். 2004 டிசம்பரில் ‘டி.டி. டைரக்ட் பிளஸ்’ என்ற பெயரில் பிரசார் பாரதி ஆரம்பித்த சேவை அது. பிற்பாடு ‘டி.டி. ஃப்ரீ டிஷ்’ ஆனது. தமிழ் சேனல்கள் குறைவு என்பது ஒரு குறை. ஆனால் சந்தா கிடையாது. 2015 நவம்பர் 11-ஆம் தேதி தென் அமெரிக்காவின் கூரூ தளத்திலிருந்து ஏரியான் ராக்கெட்டில் ஏறிப் போன நம்முடைய ஜிசாட்-15 கோள்தான் எங்கள் டிஷ் தேட வேண்டிய கோள். பூமத்திய ரேகைக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் அதன் இடம்.

2025 பொங்கல் லீவில் சாமான் வந்து இறங்கியது. மெக்கானிக் அண்ணன் வந்தார், பைப்பை நட்டார், டிஷ்ஷைத் திருப்பினார், இரண்டு மணி நேரம் முயன்றார். ஸ்ட்ரெங்த் 80 காட்டியது. க்வாலிட்டி பூஜ்யம். கடைசியில் தென்னையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். மாடியில் நின்று பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். டிஷ்ஷின் முகம் நேராக மரத்தின் கொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறைக்கிறது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அண்ணன் தொழில் பழகியது கேபிள் டி.வி. காலத்துப் பெரிய வலை டிஷ்களில். அவற்றில் நட்ட நடுவே ஃபீட் இருக்கும். அந்த வகை டிஷ்ஷின் முகம் எங்கே பார்க்கிறதோ, கோளும் அங்கேதான்.

அன்றைக்கு ராத்திரி அப்பா மரம் வெட்டுகிறவருக்கு போன் பண்ணினார். காணும் பொங்கல் கழித்து வருவதாகச் சொன்னார் அவர். அப்பாயி சாப்பிடாமல் படுத்துவிட்டார். “எனக்கு டி.வி.யே வேண்டாம்டா, அந்த மனுசன் வச்சதுல அது ஒண்ணுதான் மிச்சம்” என்று இருட்டில் ஒரு தடவை சொன்னார். வாங்கியது நான், வாயைக் கொடுத்ததும் நான். எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் முதல் வேலையாக நான் ஒரு குறுக்கு வழியில் இறங்கினேன். பக்கத்து வீட்டு டிஷ் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதே பக்கம் எங்கள் டிஷ்ஷையும் திருப்பி வைத்தேன். ஊரெல்லாம் சொல்கிற யோசனை இது. ஒன்றும் வரவில்லை. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. ஒவ்வொரு கம்பெனிக்கும் கோள் வேறு, கோளின் இடமும் வேறு. 83 டிகிரிக் கோளைப் பார்க்கும் டிஷ் தஞ்சாவூர்ப் பக்கத்தில் வடக்கிலிருந்து 160 டிகிரி திரும்பி, ஏறக்குறைய தெற்கே பார்த்து நிற்கும். 93.5-க்கு வைத்த டிஷ் தென்கிழக்கே பார்க்கும். பக்கத்து இலையைப் பார்த்துப் பரீட்சை எழுதும்போது அவன் கேள்வித்தாளும் நம் கேள்வித்தாளும் ஒன்றா என்று முதலில் பார்க்க வேண்டாமா!

பையிலிருந்து நோட்டை எடுத்தேன். ‘ஆஃப்செட் ஃபீட் ஆன்டெனாவை விளக்குக.’ படம் போட்டு, பாகம் குறித்து, முழு மார்க் வாங்கிய கேள்வி அது. அந்தப் படத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொன்னால் எங்கள் சார் கோபித்துக்கொள்ளக் கூடாது.

விஷயம் இதுதான். நம் வீட்டு மாடியில் இருக்கிற 60 செ.மீ. டிஷ் முழுக் கிண்ணம் இல்லை. பெரிய கிண்ணத்தின் ஓரத்திலிருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டு. அதனால்தான் எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த வகை டிஷ், தன் முகம் பார்க்கிற இடத்தைவிடச் சுமார் 25 டிகிரி மேலேயிருந்து வருகிற அலையைத்தான் எல்.என்.பி.யில் குவிக்கும். முகம் தென்னங்கொண்டையைப் பார்க்கலாம். ஆனால் அதன் பார்வை கொண்டைக்கு வெகு மேலே போகிறது!

எவ்வளவு மேலே? அதற்குத்தான் கணக்கு. தஞ்சாவூர் அட்சரேகை 10.8, தீர்க்கரேகை 79.14. கோளின் தீர்க்கரேகை 93.5. வித்தியாசம் 14.36. இந்த எண்களை வைத்து ஏற்றக்கோணம் கண்டால் 69 டிகிரி வருகிறது. எங்கள் ஊருக்கும் ஏறத்தாழ அதேதான். அதாவது கோள் ஏறக்குறைய நம் தலைக்கு மேலே இருக்கிறது. 69-இல் 25 போனால் 44. எங்கள் டிஷ்ஷின் முகம் 44 டிகிரிதான் நிமிர்ந்திருக்க வேண்டும்.

அடுத்தது மரம். காணும் பொங்கல் அன்று மத்தியானம், ஒரு மீட்டர் குச்சியை வாசலில் செங்குத்தாக நட்டேன். நிழல் 62 செ.மீ. அதே நேரத்தில் தென்னையின் நிழலை அடியிலிருந்து கொண்டை நுனி வரை டேப் வைத்து அளந்தேன். 8 மீட்டர் 70. வகுத்தால் மரம் 14 மீட்டர் உயரம். டிஷ் தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக, மரம் டிஷ்ஷைவிட 10 மீட்டர்தான் அதிகம். டிஷ்ஷுக்கும் மரத்துக்கும் இடையே 9 மீட்டர். கொண்டை 48 டிகிரியில் தெரிகிறது. முகம் 44-இல் இருந்தால் அது நேராக மரத்தை முறைப்பதாகத் தோன்றாமல் எப்படி இருக்கும்?

ஆனால் டேன் 69 என்பது 2.6. டிஷ்ஷிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் போனால் அலை 2.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். மரம் நிற்கும் 9 மீட்டர் தூரத்தில் அது 23 மீட்டர் உயரத்தில் போகிறது. மட்டை நம் பக்கமாக நீண்டிருக்கிறதே என்று சந்தேகம் வந்தது. மட்டை நுனி 5 மீட்டர் தூரத்தில் இருந்தது. அங்கேயும் அலையின் உயரம் 13. மரத்தின் உச்சியே 10-தான். மூன்று மீட்டர் இடைவெளி!

அப்பாவிடம் நோட்டைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். “கணக்கு சரிதான், அப்புறம் ஏன் படம் வரலை?” என்றார். சரியான கேள்வி. மரம் குற்றவாளி இல்லை என்றால் வேறு யாரோ குற்றவாளியாக இருக்க வேண்டும்.

திசையில்தான் சந்தேகம். அண்ணன் செல்போனில் காம்பஸ் பார்த்தார். எங்கே வைத்துப் பார்த்தார்? இரும்புப் பைப்பின் மேலேயே வைத்து! அடியில் கான்கிரீட் கம்பி வேறு. பைப் பக்கத்தில் வைத்தபோதும் வாசலில் நின்று பார்த்தபோதும் அதே காம்பஸ் 12 டிகிரி மாற்றிச் சொன்னது. 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை மொத்தமே சுமார் 3 டிகிரி அகலம்தான். கோள் 36,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இங்கே ஒரு டிகிரி தவறினால் அங்கே 630 கிலோமீட்டர் தவறும். தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்புகிற தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. இதில் 12 டிகிரி என்றால் யோசித்துப் பாருங்கள்.

காம்பஸை ஓரம் கட்டிவிட்டுச் சூரியனைக் கூப்பிட்டேன். கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றைக் கடன் வாங்கி மாடியில் தொங்கவிட்டேன். நம் ஊருக்குச் சூரியன் உச்சிக்கு வருவது சரியாகப் பன்னிரண்டு மணிக்கு இல்லை. இந்திய நேரம் 82.5 டிகிரிக்கு வைத்தது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். அதோடு தை மாதத்துத் தாமதமும் சேர்ந்து அன்றைக்கு உச்சிப்பொழுது 12 மணி 22 நிமிஷம். அந்த நேரத்தில் நூலின் நிழல் துல்லியமான வடக்கு-தெற்குக் கோடு. சாக்பீஸால் கோட்டை இழுத்தேன்.

இனி திசைக்கோணம். டேன் 14.36-ஐ சைன் 10.8-ஆல் வகுத்தால் 1.37 வருகிறது. இந்த 1.37-க்குப் புரொட்ராக்டரே தேவையில்லை. பைப்படியிலிருந்து கோட்டின் மேல் தெற்கே 100 செ.மீ., அங்கிருந்து நேர்க்கிழக்கே 137 செ.மீ. அந்தப் புள்ளியையும் பைப்பையும் சேர்த்தால் கோளின் திசை. வடக்கிலிருந்து 126 டிகிரி. ஃபார்முலாவில் வந்த எண்ணை டேப்பில் அப்படியே அளந்த அந்த நிமிஷம் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒன்றாம் ஆண்டிலிருந்து டேன், டேன் என்று எழுதுகிறோமே, அது இதுதானா!

ரசமட்டம் வைத்துப் பைப்பை நேராக்கினேன். பைப் சாய்ந்திருந்தால் எல்லாக் கணக்கும் வீண். டிஷ்ஷின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் ஒரு குச்சியைக் கட்டி, தூக்குக்குண்டு நூலுக்கும் குச்சிக்கும் இடையே 44 டிகிரி வைத்தேன். பாக்ஸில் 11090 மெகாஹெர்ட்ஸ், வெர்ட்டிகல். கூடத்தில் தங்கையை உட்கார வைத்து போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஸ்ட்ரெங்த் 82... க்வாலிட்டி ஜீரோ.”

இங்கே ஒரு வார்த்தை. ஸ்ட்ரெங்த்தை நம்பாதீர்கள். எல்.என்.பி.க்குக் கரண்ட் போனாலே அதன் சொந்த இரைச்சலில் ஸ்ட்ரெங்த் ஏறிவிடும். சந்தைக்கடைக் கூச்சல் மாதிரி அது. க்வாலிட்டி என்பது அந்தக் கூச்சலுக்குள் நம் ஆள் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது காதில் விழுவது. இன்னொன்று, அவசரப்படக் கூடாது. நூல் அளவு நகர்த்திவிட்டு இரண்டு மூன்று விநாடி சும்மா இருக்க வேண்டும். பாக்ஸ் யோசித்துத்தான் பதில் சொல்லும். சரசரவென்று திருப்பினால் கோளைத் தாண்டிப் போய்விடுவோம், தெரியவே தெரியாது.

நகர்த்தினேன், நின்றேன். நகர்த்தினேன், நின்றேன்.

“அண்ணா! 41! 41 காட்டுது!”

டிஷ்ஷை விட்டுவிட்டு எல்.என்.பி.யைப் பிடித்தேன். கோள் நமக்கு நேர் தெற்கே இல்லாமல் கிழக்கே தள்ளி இருப்பதால் அதன் செங்குத்து அலை நமக்குச் சாய்வாக வந்து சேர்கிறது. எல்.என்.பி.யும் அதற்கேற்பத் தலை சாய்க்க வேண்டும். பெட்டியில் வந்தபடி நேராக மாட்டியிருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக, 48, 55, 63 என்று ஏறி 68-இல் நின்றது. ஒரு பக்க நட்டையே முறுக்கினால் டிஷ் நகர்ந்துவிடும் என்பதால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி முறுக்கினேன். கேபிள் முனையில் டேப் சுற்றி, மழைத்தண்ணி உள்ளே இறங்காமல் இருக்கக் கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டுக் கட்டினேன்.

இறங்கி வந்தபோது கூடத்தில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அப்பாயி டி.வி.யைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப, வெட்ட வேண்டாங்குறியா?” என்றார். “வேண்டாம் அப்பாயி” என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அப்பா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

மெக்கானிக் அண்ணனை அன்றைக்கே வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஜம்பம் அடிக்க இல்லை. அவர் இன்னும் எத்தனை வீட்டு மாடியில் நின்று எத்தனை மரத்தைக் காட்டப் போகிறாரோ என்ற பயம்தான். நோட்டை வைத்துச் சொன்னேன். ஆஃப்செட் படத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். “இருபத்தஞ்சு வருஷமா இதைத் தூக்கி மாட்டுறேன் தம்பி, இப்படி யாரும் படம் போட்டுச் சொன்னதில்லை” என்றார். அப்புறம் அவரும் எனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தார். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை கொட்டும்போது படம் நிற்கும். அப்போது மாடியேறி நட்டைத் தொடுகிறவன் முட்டாள், பத்து நிமிஷம் காத்திருந்தால் தானே வரும் என்றார். மழைத்துளி இந்த அலைவரிசையை விழுங்கும் என்று நாம் படிப்பதை அவர் அனுபவத்தில் வைத்திருக்கிறார். இப்போது லீவு நாட்களில் நான் அவரோடு வேலைக்குப் போகிறேன். அவர் பையில் காம்பஸோடு ஒரு தூக்குக்குண்டும் இருக்கிறது.

இன்னும் ஒரு பாக்கி. இந்தக் கணக்கைச் சூரியனே சரிபார்த்துச் சொல்லும் நாள் ஒன்று உண்டு. மார்ச் 15, 16 வாக்கில் காலை 11.15 மணிக்கும், செப்டம்பர் 27, 28 வாக்கில் 11 மணிக்குச் சற்று முன்பும், நம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பார்த்தால் சூரியன் சரியாக இந்தக் கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். சூரியனின் இரைச்சல் கோளின் குரலை அமுக்கிவிடும். படம் சில நிமிஷம் தடுமாறும். அந்த நேரத்தில் டிஷ்ஷின் மேல் வெயில் விழுந்தால் நடுவே எந்தத் தடையும் இல்லை. நிழல் விழுந்தால் தடை உண்டு. ஃபார்முலா எதுவும் வேண்டாம், சூரியனை அண்ணாந்து பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். நிழலைப் பார்த்தால் போதும்.

அப்பாயியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டு ஹாஸ்டலுக்கு வந்திருந்தேன். மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை. பதினொன்றரைக்கு போன்.

“தம்பி, நீ சொன்ன நேரத்துக்குப் படம் கட்டம் கட்டமா நின்னுச்சுடா. வெளியில வந்து பாத்தேன். மாடியில டிஷ்ஷு மேல பளிச்சுன்னு வெயிலு. மரத்து நிழலு அந்தப் பக்கமே போகலை.”

சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, “பாளை ஒண்ணு விட்டிருக்கு, பாத்தியா?” என்றார்.

நண்பர்களே, நம் பாடப் புத்தகத்தில் ஏற்றக்கோணம், திசைக்கோணம் என்று வரும் பக்கத்தை நாளைக்குப் புரட்டும்போது ஒரு நிமிஷம் நில்லுங்கள். அது மார்க்குக்கான பக்கம்தான், மறுக்கவில்லை. என்றாலும் யாரோ ஒருவர் கோடாலியோடு வருகிற அன்றைக்கு நம்மிடம் ஒரு டேப்பும் ஒரு டேனும் இருந்தால் ஒரு மரம் பிழைக்கும். வெட்டுவதற்கு முன்னால் அளந்து பார்ப்போம். டிப்ளமோ படித்ததற்கு அந்த ஒரு பழக்கமாவது மிஞ்சட்டும்.

– மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை